கிருமிக் கேனைக் காணோம்

2003, சித்திரை மாதம். காலை 6.40.

வள்ளித்தாயின் கிணற்றடியில் இருந்த நீலக் கேனைக் காணவில்லை. மோட்டார் அறை பூட்டியபடியே இருந்தது. உள்ளே காற்றுப் பம்பு ஓடிக்கொண்டிருக்க, ஜன்னல் வழியே வந்த ரப்பர் குழாயை மட்டும் யாரோ அறுத்திருந்தார்கள்.

“கேன்ல என்ன இருந்திச்சு?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சந்தனமாரி.

“கிருமி மேடம்,” என்றார் கல்லூரி ஆசிரியை ஜெயப்பிரியா. “ஈயத்துக்குப் பதிலா பெட்ரோல்ல ஒரு ரசாயனம் கலக்குதாங்க. அது மண்ணுல இறங்கி இந்தக் கிணத்தைக் கெடுத்திருச்சு. அதைத் தின்னு தீர்க்கிற கிருமி. எட்டு மாசமா வளர்த்தேன். காத்து இல்லைன்னா ஒரு நாள் தாங்காது. இதை ஊர்க் கூட்டத்துலயே எல்லார்ட்டயும் சொன்னேன்.”

கிருமியைத் திருடுகிற காலமும் வந்துவிட்டது பாருங்கள். வள்ளித்தாயின் நாற்பது ஆடுகள் தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

“கிருமியக் கிணத்துல விடாதீயன்னு முதல்ல சண்டை போட்டவ நான்தான்,” என்றாள் வள்ளித்தாய், கேட்காமலே. “ஆனா ஆடு தண்ணியில்லாமத் தவிக்கையில நான் ஏன் எடுக்கப்போறேன்?”

9.15. பக்கத்துப் பெட்ரோல் பங்க்கின் முதலாளி சாமித்துரை வீடு.

“உங்க டாங்க் ஒழுகுதுன்னு ஊரே சொல்லுதே, அண்ணாச்சி?”

“பொய், மேடம். எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்.”

குடிக்கத் தண்ணீர் கேட்டார் சந்தனமாரி. கலர் சோடா வந்தது. கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஏழு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“மீனுக்குப் பசிக்குது,” என்று தீனி போட்டார் சாமித்துரை. ஒரு மீனும் தொடவில்லை.

சந்தனமாரி கலரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“கேனை எடுத்தது நீங்கதான் அண்ணாச்சி. பசிச்ச மீனுன்னா தீனியத் தொடும். மூச்சு முட்டுத மீன்தான் இப்படி மேல வந்து நிக்கும். இந்தத் தொட்டிக்குக் காத்து விடுத பம்பு எங்க? கேனை எடுத்தவருக்கு அங்கன உள்ள பம்பு கிடைக்கல, அது பூட்டுக்குள்ள இருந்திச்சு. கிருமி சாகாம இருக்க வேற பம்பு வேணும்லா?”

கொல்லையில் கேன் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அருகிலிருந்த கிணற்றில் குப்பென்று பெட்ரோல் வாடை.

“எங்க கிணறும் கெட்டுப்போச்சு,” என்றார் சாமித்துரை தலைகுனிந்து. “வாய்விட்டுக் கேட்டா டாங்க் ஒழுகுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா?”

தகவல் கேட்டு வள்ளித்தாயோடு வந்த ஜெயப்பிரியா கேனைத் திறந்து பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் சிரித்தே விட்டார். “நல்லா இருக்கு மேடம். ஆனா ஒழுக்கை அடைக்காம எத்தனை கேன் விட்டாலும் வீண். டாங்கைத் தோண்டி அடைக்கேன்னு இவிய எழுதிக் குடுத்தா, புகாரை வாபஸ் வாங்கிக்கிடுதேன். ரெண்டு கிணத்துக்கும் கிருமி தாரேன்.”

11.30. கேன் இந்த முறை மோட்டார் அறைக்குள்ளேயே போனது. பம்பு மீன் தொட்டிக்குத் திரும்பியது. மீன்கள் கீழே இறங்கின. சாமித்துரை மறுபடி தீனி டப்பாவை எடுத்தார்.

வள்ளித்தாய் பேனாவை நீட்டினாள்.

“மீனுக்குப் பொறவு போடலாம் அண்ணாச்சி. முதல்ல எழுதுங்க, ஆடு தண்ணிக்கு நிக்கி.”