சமநாள் சோறு

கேட்டைத் திறக்கும்போதே பெத்தாய்க்காய் என்கிற நாற்றக் கொட்டை போட்ட மிளகாய்ச் சம்பல் வாசம் வந்தது. சாந்தினி மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். மறதி முற்றிப்போன அம்மா மாரியம்மா அடுப்புப் பக்கம் போகக் கூடாதென்று கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்தவளே அவள்தான். சிலிண்டர் வாசல் மூலையில் சங்கிலியோடு அப்படியே இருந்தது. பெத்தாய்க்காய் அந்த வீட்டில் அக்கா சரளாவுக்கு மட்டும்தான் பிடிக்கும். சரளா செத்து வருடங்கள் ஆகின்றன.

வெயில் உச்சியில் நின்றது. சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்பில் ஒரு நாய்கூட நடமாடவில்லை. வேலியோரச் செம்பருத்தியின் நிழல் வேருக்குள் சுருங்கிக் கிடந்தது. இன்று பகலும் இரவும் ஒரே அளவு என்று காலையில் வானொலியில் சொன்னார்கள். ரப்பர் தோட்டத்தில் இதற்குச் சமநாள் என்று பெயர். அன்றைக்கு, செத்தவர்களும் உயிரோடு இருக்கிறவர்களும் ஒரே எடை. அடுத்தவர் பேரைக் கூப்பிடும்போது பதில் கொடுத்தால் இருவரும் இடம் மாறிவிடுவார்கள். அதனால் பால்வெட்டுக்குப் போனவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடாமல் விசிலடித்துக்கொள்வார்களாம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"சரளா கண்ணு, சாப்பிட வாம்மா."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். தினமும் கேட்கிற அழைப்புதான். அம்மாவைக் குளிப்பாட்டுவதும், இரவெல்லாம் விழித்திருப்பதும், வந்த வரனைத் திருப்பி அனுப்பியதும் சாந்தினி. கண்ணு மட்டும் சரளா. ஈப்போவுக்கு ஓடிப்போய், ஒருநாளும் எட்டிப் பார்க்காமல், லாரியில் அடிபட்டுச் செத்தும் அவள்தான் செல்லப் பிள்ளை. தான் சாந்தினி என்று சொல்லும்போதெல்லாம் அம்மாவின் முகம் அணைந்துபோகும். இன்று அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு தடவை. அந்தக் கண்ணு தனக்கு வேண்டும்.

"வாரேம்மா" என்றாள்.

அடுப்பு சில்லென்று இருந்தது. தட்டில் இருந்த சோற்றில் ஆவி பறந்தது. அம்மா அவளை உட்காரவைத்துத் தலையை வருடி, உருட்டி உருட்டி ஊட்டினாள். சாந்தினிக்கு அழுகை முட்டியது. அக்கா தின்று வளர்ந்தது இதைத்தானா என்று வயிறு எரிந்தது. வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

பின்பக்கக் குளியலறையில் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். நிதானமாக. மொண்டு மொண்டு.

"உள்ள யாரும்மா?"

"சாந்தினிதான். வேலை விட்டு வந்துட்டா."

தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் விலகியது.

"நான்தாம்மா சாந்தினி."

அம்மா சிரித்தாள். "நீதானே கண்ணு வாரேன்னு சொன்ன."

ஈரக் காலடி. சமையலறை வாசலில் வந்து நின்றவள் சாந்தினியின் பேக்டரி சட்டையைப் போட்டிருந்தாள். சாந்தினியின் முகம். சாந்தினியின் கையில் இருக்கும் சூட்டுத் தழும்புகூட. அம்மா திரும்பியும் பார்க்காமல் அவளிடம் துணியைக் காயப் போடச் சொன்னாள். எப்போதும் சாந்தினியிடம் பேசுகிற அதே வறண்ட குரலில்.

வந்தவள் போகவில்லை. ஊட்டுகிற கையையே பார்த்தாள். அந்தப் பார்வை சாந்தினிக்குத் தெரியும். இத்தனை வருடமும் தன் வயிற்றுக்குள் வைத்து வளர்த்த பார்வை.

சாந்தினி கத்த வாய் திறந்தாள். அம்மா அடுத்த உருண்டையை வைத்தாள். நாக்கில் படவில்லை. நேராகக் கீழே விழுந்தது.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் காலி நாற்காலி. அதுவரை ஊட்டிய சோறெல்லாம் அதன்மேல் குவிந்து கிடந்தது. அம்மா இன்னொன்றை உருட்டினாள்.