நெருப்பு வைத்த வாய்

சிலிகுரியிலிருந்து நான் பராநகர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அப்பாவை எரித்துவிட்டார்கள்.

ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். "செத்தப்புறமும் பிள்ளைங்க என்கிட்ட படிக்கட்டும்" என்று மருத்துவக் கல்லூரிக்கு உடலை எழுதிவைத்திருந்தார். கொடுத்துவிடுவதாக அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவன் அண்ணன் சுப்ரதோ. மகன் தன் கையால் பிணத்தின் வாயில் நெருப்பு வைக்காவிட்டால் அப்பா பேயாக அலைவார் என்று தெருவே திரண்டு வந்து சொன்னதும் சத்தியம் காற்றில் பறந்தது. முன்னால் நின்று தூண்டிவிட்டவர் சித்தப்பா.

"ஊர் வாய மூடணும்ல, ஜுமுர்?" என்றார் என்னிடம், வெட்கமே இல்லாமல்.

துக்கத்தின் தைக்காத வெள்ளைத் துணியோடு அண்ணன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். நல்ல வெயில் நேரம். அடுப்பில் சோறு கொதித்தது. ஆனாலும் அறை முழுக்க மயிர் பொசுங்கிய நாற்றம்.

"வாய் எரியுதுடி" என்று கிசுகிசுத்தான். உதடுகள் கொப்பளித்துக் கிடந்தன.

"டாக்டர்கிட்ட போலாம், எழுந்திருண்ணா."

அவன் எழவில்லை. காய் நறுக்கும் அரிவாள்மனையை இழுத்து, இடது முன்கையை அதன்மேல் அழுத்தி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்தான். தோல் இரண்டாகப் பிரிந்தது.

நான் அலறினேன்.

அவன் அலறவில்லை.

"எல்லாரும் கிட்ட வாங்க. இதோ, வெள்ளையா தெரியுது பாருங்க, இதுதான் நரம்பு."

அப்பாவின் குரல்.

கண்கள் மட்டும் அண்ணனுடையவை. அவை என்னைக் கெஞ்சின. கையைப் பிடித்து இழுத்தேன், இரத்தத்தில் வழுக்கியது. என்னைச் சுவரில் மோதத் தள்ளிவிட்டு, தசையை விலக்கி எலும்பைக் காட்டினான்.

"அடுத்து கழுத்து" என்றது குரல்.

"வேணாம்ப்பா! அவன விட்டுடுங்கப்பா!"

அண்ணன் அரிவாள்மனைமேல் குனிந்தான்.

சித்தப்பா ஓடிவந்தார். அப்போதும் அவருக்கு ஊர்க்கவலைதான். "போலீசுக்குத் தெரியறதுக்குள்ள இவனையும் எரிச்சிடலாம்" என்று பிணத்தைத் தூக்கப் போனார்.

கிழிந்த கை எழுந்து அவர் மணிக்கட்டைப் பற்றியது.

தெரு ஆட்கள் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. கடைசியில் அவரையும் சேர்த்தே வண்டியில் ஏற்றி, அப்பா உடலை எழுதிவைத்த அதே மருத்துவக் கல்லூரிப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவர் எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு அவர்மேல் இரக்கமே வரவில்லை.

அண்ணனை மேசையில் கிடத்தியதும் பிடி தானாகத் தளர்ந்தது.

அண்ணனின் கை மெல்ல விரிந்து, கத்திக்கு வாகாக, உள்ளங்கையை மேலே திருப்பிக்கொண்டது.