உள்ளிருந்து இரண்டு தட்டு

மூன்றாம் விமானக் கொட்டகைக்குள் மீட்டரக்கா கால் வைத்து ஒன்பது வருஷமாகியிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பட்டறையில் உட்கார்ந்து, பழுதான மின்பெட்டிகளை மேசைமேல் வைத்துப் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒதுங்கியவள் அவள். இன்று கொட்டகை எலெக்ட்ரீஷியனுக்குக் காய்ச்சல். மாலைக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஃபோர்மேன் தானே வந்து, பட்டறைக் கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு பம்புதான்க்கா. பெட்டி நீங்க சரிபார்த்து அனுப்புனதுதான். மாட்டி, ஓட்டிப் பார்த்துட்டு வந்துரலாம்."

அவள் மறுக்க வாயெடுத்தாள். பிறகு மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

பிற்பகல் மழை தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததுமே எரிபொருள் வாசனை முகத்தில் அறைந்தது. எத்தனை முறை துவைத்தாலும், இங்கே வேலை பார்த்த அவள் தம்பியின் சட்டையை விட்டுப் போகாத வாசனை அது.

இறக்கைக்கு அடியில் அதே பலகை. இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டிக்குள் நுழைகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். காற்று ஊதும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், மின்சாரத்தை யாரும் தொடமாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. வெளியே நிற்பவர் இறக்கைத் தகட்டில் ஒரு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டு தட்டிப் பதில் சொல்வான். இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் பலகை காலியாகத்தான் இருந்தது. தம்பி வேலையை முடித்து, வெளியே வந்து, வில்லையையும் எடுத்துவிட்டான். அப்புறம் உள்ளே விட்டுவந்த டார்ச் நினைவுக்கு வந்திருக்கிறது. ஒரு நிமிஷ வேலைக்கு மறுபடி வில்லையை மாட்டுவானேன் என்று அப்படியே நுழைந்துவிட்டான். அங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான்.

அதேபோல் எல்லோரும் செய்கிற இன்னொன்றை, அப்போது இங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்த அவள் செய்தாள். தொட்டிக்கு மூடி போடுவதற்குமுன் உள்ளே இருக்கும் பம்பை ஒரு நொடி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். சுவிட்சைப் போட்டாள். மின்சாரத்தை வெட்டும் பிரேக்கரின் பொத்தான் துள்ளி வெளியே வந்தது. சூடாகியிருக்கும் என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளினாள்.

தோல் உரிந்த ஒரு கம்பி. ஒரு பொறி. தொட்டி ஒருமுறை பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம்.

அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் பழுதுபார்ப்பதெல்லாம் இந்தப் பெட்டிகளைத்தான். பழைய பிரேக்கருக்குச் சூடு மட்டும்தான் தெரியும். கம்பி சூடேறினால்தான் விழித்துக்கொள்ளும். இந்தப் பெட்டி அப்படியல்ல. பம்புக்குப் போகிற கம்பி, திரும்புகிற கம்பி எல்லாம் இதற்குள் ஒரு வளையத்தின் ஊடாகப் போகின்றன. போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்தால் வளையம் சும்மா இருக்கும். துளி குறைந்தாலும், அது வழியில் எங்கோ தகட்டுக்குள் கசிகிறது என்று புரிந்துகொண்டு, இமைப்பதற்குள் தொடர்பை அறுத்துவிடும். கேட்கிறவர்களுக்கு அவள் சலிக்காமல் விளக்குவாள்: "வாசல்ல நின்னு ஆள் எண்ற காவல்காரன் மாதிரி. உள்ள போனது பத்து, வெளிய வந்தது ஒன்பதுன்னா, சாப்பாட்டுக்குக்கூட நகரமாட்டான்."

ஒன்று போனது, திரும்பி வரவில்லை. அதை எண்ண அன்றைக்கு யாரும் இல்லை.

பெட்டியை மாட்டிவிட்டுக் கீழே இறங்கி அவள் பலகையைப் பார்த்தாள். காலி. பார்த்தது போதாமல் கையால் தடவியும் பார்த்தாள்.

"பல்லி வெளிய வந்தாச்சா?"

பல்லி என்றால் தொட்டிக்காரன். எந்தச் சந்திலும் ஒட்டிக்கொண்டு ஊர்ந்துவிடுவான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"வந்து வில்லையையும் எடுத்துட்டான். டீக்குப் போயிருப்பான். டீன்னா அவன் காதுல மட்டும் மணியடிக்கும்," என்றார் ஃபோர்மேன். விசிறியை நிறுத்தியிருந்தார்கள். "மூடி போடறதுக்கு முன்னாடி சும்மா ஒரு நொடி ஓட்டிப் பாருங்கக்கா."

"மூடாம நான் ஓட்டமாட்டேன்."

"மூடி, ஒட்டி, காய வெச்சு, அப்புறம் பம்பு ஓடலேன்னா? எல்லாத்தையும் மறுபடி பிரிக்கணும். மணி நாலாச்சு. உங்க பெட்டி காவலுக்கு இருக்குல்ல? அதுமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளை மறுபடி இறக்கைமேல், பெட்டி இருந்த இடத்துக்கு, ஏணி ஏற்றியது.

சுவிட்சைப் போட்டாள். பம்பு முனகக்கூட இல்லை. பெட்டி வெட்டிவிட்டது, சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பிகளைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தாள். கசிவே இல்லை, முள் அசையவில்லை.

"இப்பதானே மாட்டுனது, கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி," என்று கீழிருந்து ஃபோர்மேன் குரல் வந்தது. "ஒரு தடவை அமுக்கி விடுங்கக்கா. ஒரே தடவை."

கம்பிகளை மறுபடி மாட்டினாள். ஒரே தடவை. அன்று அவளும் தனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். கட்டைவிரல் பொத்தான்மேல் போனது. அமுக்கினாள்.

பொத்தான் வெளியே வந்தது.

மறுபடி அமுக்கினாள். மறுபடி வந்தது. வில்லின் விசை போலில்லை அது. மெதுவாக, கனமாக, அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கட்டைவிரல் தள்ளுவதுபோல் இருந்தது.

பொத்தான் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

அப்போது கேட்டது. மழைச் சத்தத்துக்கு அடியில், காலுக்குக் கீழே, தகட்டில்.

டக். டக்.

வெளியே இருந்து யாரும் தட்டவில்லை. பதில் மட்டும் வந்தது.

ஏணியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. இறக்கைக்கடியில் போய், விரல் மூட்டால் ஒரு தட்டு தட்டினாள்.

டக். டக்.

"உள்ள ஆள் இருக்கு," என்றாள் ஈனக்குரலில்.

"பலகையைப் பாருங்கக்கா, காலியா—"

"பலகை கிடக்கட்டும்! விசிறியைப் போடுங்க! ஆளை இழுங்க!"

பல்லியின் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் அவனுடைய டார்ச். அதை எடுக்கத்தான் போயிருக்கிறான். ஒரு நிமிஷ வேலை என்று. விசிறி நின்றதும் எரிபொருள் ஆவி கூடி, மயங்கிச் சாய்ந்திருக்கிறான். பம்புக்குப் போகும் கம்பிக் குழாய்க்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறான். கம்பியை உருவிப் பார்த்தபோது, குழாய்க்குள் அதிர்வில் தேய்ந்து தேய்ந்து, ஓரிடத்தில் செம்பு பளபளத்தது. கம்பி அசைந்தால் குழாயின் தகட்டைத் தொடும். அசையாவிட்டால் மீட்டருக்குக்கூடத் தெரியாது.

மூச்சு திரும்பியதும் பல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேளை தட்டுனே," என்றாள் அவள்.

"நான் எங்கக்கா தட்டுனேன்? உள்ள போனது ஞாபகம் இருக்கு. அப்புறம் உங்க மூஞ்சிதான்."

ஃபோர்மேன் தலை குனிந்து, தன் கையாலேயே பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இனி அங்கே ஒருவர் எப்போதும் உட்கார்ந்து எண்ண வேண்டுமாம்.

விமானம் அன்று கிளம்பவில்லை. கம்பியை மாற்றி, மூடியை ஒட்டி, காயவைத்து, மறுநாள் மதியம் தொட்டி நிறைய எரிபொருள் ஏற்றினார்கள். மீட்டரக்கா சுவிட்சைப் போட்டாள். பம்பு சீராக முனகியது. சிவப்பு விளக்கு எரியவில்லை. போனது அத்தனையும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பெட்டி சும்மா இருக்கிறது என்றால் கணக்கு நேராகிவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் தம்பி போய்விட்டானா?

எல்லோரும் சாப்பிடப் போனபின் இறக்கைக்கடியில் தனியாக நின்றாள். வெளியே வெயில் காய்ந்தது. கன்னத்தைத் தகட்டில் வைத்தாள். உள்ளே முழுக்க எரிபொருள். ஒரு குண்டூசிக்குக்கூட இடமில்லை.

"நான் உள்ள பார்க்காம பிரேக்கரைத் தள்ளிட்டேன்டா," என்றாள். ஒன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

பிறகு, மனசு கேட்காமல், ஒரு தட்டு தட்டினாள்.

பதில் இல்லை. தகடு குளிர்ந்து கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீட்டரைத் தோளில் மாட்டித் திரும்பினாள்.

பின்னால், ஆழத்திலிருந்து, எரிபொருளுக்குள் நனைந்து மழுங்கிய சத்தம்.

டக். டக்.