சாம்பல் நிற சாக்ஸுக்குள் ஒரு டியூப்

தொடைகள் இரண்டும் எரிந்தன. காலையில் தின்ற ரொட்டி எப்போதோ கரைந்துவிட்டது. பெலாக் ஊருக்கு ஏறும் பாதையில் ஏழு வளைவுகள். நான் இன்னும் இரண்டாவது வளைவைக்கூடத் தாண்டவில்லை.

சட்டையின் முதுகுப் பையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்றில் என் பெயர், மைலிஸ் தெல்மாஸ். இன்னொன்றில் அப்பாவின் பெயர், தியெரி தெல்மாஸ்.

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு எங்கள் பள்ளத்தாக்கில் சைக்கிள் நாள். செலே ஆற்றோரமாகப் போய், மலை ஏறி, மூன்று ஊர்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பன்னிரண்டு வயது ஆனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு ஏப்ரலில் பன்னிரண்டு முடியும் என்று கணக்குப் போட்டு, அப்பா ஜனவரியிலேயே எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"நீ முன்னால ஓட்டு. நான் பின்னால வரேன். நாய் துரத்துனா முதல்ல என்னைத்தான் கடிக்கும்" என்றார்.

பிப்ரவரியில் அப்பா கல்குவாரியில் இறந்துபோனார். மார்ச்சில் அட்டைகள் தபாலில் வந்தன. இரண்டும் வந்தன.

அப்பாவின் அட்டையை அம்மா கிழிக்கவில்லை. ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதில் இருந்த மூன்று வட்டங்களும் நிரம்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் ஊரில் ரொட்டிக் கடை அம்மாள் முத்திரை குத்தினாள். இரண்டாவது அட்டையின் பெயரைப் படித்தாள். ஓங்கிக் குத்தினாள். மேசையே ஆடியது.

இரண்டாவது ஊரில் யாரோ வெளியூர்ப் பையன் உட்கார்ந்திருந்தான்.

"தியெரியா? ஆளு எங்க?"

"பின்னால வர்றாரு" என்றேன்.

"சீக்கிரம் வரச் சொல்லு. உலர்ந்த பிளம்ஸ் தீரப் போகுது."

நான் நாலு பிளம்ஸ் எடுத்துக்கொண்டேன். ரெண்டு எனக்கு, ரெண்டு அவருக்கு. பிறகு நாலையும் நானே தின்றேன்.

மிச்சம் இருந்தது மூன்றாவது வட்டம். அந்த முத்திரை மலை உச்சியில், பெலாக்கில். அங்கே முத்திரை குத்துபவர் கஸ்தோன். பகல் பன்னிரண்டு அடித்தால் மேசையை மடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அரசரே சைக்கிளில் வந்தாலும் நிற்கமாட்டார்.

மணி பதினொன்றே முக்கால் ஆக ஐந்து நிமிடம் இருந்தது. நிற்காமல் மிதித்தால் போய்விடலாம்.

அப்போதுதான் மேலே மூன்றாவது வளைவில் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்து, கல்சுவரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எனக்கு முன்னால் போன மூன்று பேர் அவரைக் கடந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் அப்படிச் செய்யவே மாட்டார்கள். சைக்கிள்காரர் ஒருவர் ஓரமாக நின்றால், கடந்து போகிற எல்லோரும் "எல்லாம் சரியா?" என்று கேட்பார்கள். மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியவரைக்கூட விடமாட்டார்கள். அவர் வெட்கத்தோடு, "சரிதான், போங்கப்பா!" என்று கத்துவார்.

பக்கத்தில் போனதும் ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது. அது லூடோ மாமா.

அப்பாவோடு குவாரியில் வேலை பார்த்தவர். ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். கல் அள்ளும் லோடரை அன்றைக்கு ஓட்டியவர் அவர்தான். பின்னால் எடுத்தார். அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார். வண்டி பின்னால் வரும்போது கத்த வேண்டிய ஹாரன் மூன்று வாரமாகக் கத்தவில்லை. அது குவாரியில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"அவன் மூஞ்சியில முழிக்காதே" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்தேன். ஒரு மிதி. இரண்டு மிதி. பத்து மிதி. வாய் கசந்தது. கேட்காமல் போவது இப்படிக் கசக்கும் என்று எனக்குத் தெரியாது. முன்னால் போன மூன்று பேருக்கும் கசந்ததா, அதுவும் தெரியாது.

திரும்பினேன்.

"எல்லாம் சரியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். தாடி வளர்ந்திருந்தது.

"சரியில்ல" என்றார். "பஞ்சர். மாத்துன டியூபும் போச்சு."

"ஒட்டலாமே?"

"பசை காஞ்சு கல்லாயிடுச்சு. நீ போம்மா, மைலிஸ். மணி ஆகுது. அந்த ஆளு சூப்பு குடிக்க உட்கார்ந்துட்டான்னா எழுப்ப முடியாது."

நான் இருக்கைக்கு அடியில் இருந்த பையைத் திறந்தேன். என்னிடம் ஒரே ஒரு டியூப் இருந்தது. அப்பா டியூபை எப்போதும் பழைய சாக்ஸுக்குள் சுருட்டி வைப்பார். சாம்பல் நிறம், சிவப்புக் கோடு, கட்டைவிரலில் ஓட்டை.

லூடோ சாக்ஸைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"இது தியெரியோடது."

"ஆமா. பிடிங்க."

"வேண்டாம்."

"பிடிங்க. கை வலிக்குது."

வாங்கினார். அவர் தள்ளத் தள்ள டயரின் விளிம்பு உள்ளே போகவே இல்லை. மூன்று தடவை வழுக்கியது. "தள்ளுங்க" என்று நானே இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி உள்ளே தள்ளினேன். அவர் பம்ப் அடித்தார். அடிக்க அடிக்கப் பேசினார்.

"அந்த ஹாரனச் சொன்னேன். ரெண்டு தடவை போய் மேலாளர்கிட்டச் சொன்னேன்."

"தெரியும்."

"நான் திரும்பிப் பாத்திருக்கணும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பம்பை மடக்கினார். "வா. என் பின்சக்கரத்தோட ஒட்டிக்க. காத்து உன்மேல படாது."

அவருடைய முதுகைப் பார்த்தபடியே மிதித்தேன். நாலாவது வளைவு. ஐந்து. ஆறு. எனக்குக் கால்கள் இருப்பதே மறந்துபோனது.

ஆறாவது வளைவில் தேவாலய மணி அடிக்க ஆரம்பித்தது.

"பன்னெண்டு!" என்று கத்தினேன்.

"இது முதல் தடவைதான்! மிதி!"

எங்கள் பள்ளத்தாக்கில் தேவாலய மணிகள் நேரத்தை இரண்டு தடவை அடிக்கும். வயலில் இருப்பவர்கள் முதல் தடவை எண்ண மறந்திருப்பார்கள், அதனால். நடுவில் இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் மிதித்தோம். இரண்டாவது தடவை மணி அடித்து ஓய்ந்தபோது பெலாக் சதுக்கத்துக்குள் நுழைந்தோம்.

மேசை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தது. சூப்பு வாசனை வந்தது.

லூடோ கதவைத் தட்டினார். கஸ்தோன் கழுத்தில் துண்டோடு வந்தார்.

"பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்" என்று தொடங்கியவர், என்னையும் பார்த்து, லூடோவையும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "முத்திரைப் பெட்டி வண்டியில கீழ போயிடுச்சு, பாப்பா. இப்பத்தான். முதல் மணிக்கும் ரெண்டாவது மணிக்கும் நடுவுல."

நான் அட்டைகளை வெளியே எடுக்கவே இல்லை.

"சூப்பு இருக்கு" என்றார் கஸ்தோன். அவரிடம் கொடுக்க வேறெதுவும் இல்லை.

நின்றபடியே குடித்தோம். உப்பு அதிகம். நான் கொஞ்சம் அழுதேன். லூடோ கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கும்போது ஆற்றுப் பாலத்தருகே அம்மா நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. பிறகு என் சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய வெறும் சாக்ஸைப் பார்த்தாள்.

"டியூப் எங்க?"

"அவர் சக்கரத்துல."

அம்மா அந்தச் சக்கரத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நான் ஒரு டியூப் தரணும்" என்றார் லூடோ, தரையைப் பார்த்து.

"ஆமா. தரணும்" என்றாள் அம்மா. மூன்று மாதத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு என் சைக்கிளை வண்டியில் ஏற்றினாள்.

அட்டையை நான் எடுத்துப் போனதற்கு அம்மா திட்டவில்லை. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். இரண்டு வட்டங்களில் முத்திரை இருக்கிறது, ஒன்று காலி.

சாக்ஸைத் துவைத்து, கட்டைவிரல் ஓட்டையைத் தைத்து, டியூப் வந்தால் சுருட்டி வைக்க மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள்.

லூடோ மாமா எங்களுக்கு ஒரு டியூப் தர வேண்டும். இன்னும் தரவில்லை.