தழும்பு எந்தப் பக்கம்?

“ஐயோ... யக்கா!”

தனக்கோடியின் அலறலில் ஏரிக்கரை நாரைகள் குபீரென்று எழும்பின.

அடுத்த குடிசை அம்மணி ஓடி வந்தாள். காயப்போட்ட வலைக்குள் கையை விட்டபடி தனக்கோடி உறைந்து நின்றாள்.

“இன்னாடி? பாம்பா?”

“பாம்பா இருந்தா தேவலையே யக்கா...”

நீட்டினாள். உள்ளங்கை அகலத் துணித் துண்டு. கறுப்பு மசியில் அச்சடித்த படம். உடம்பில் பொட்டுத் துணி இல்லாத ஒரு பெண்.

முகம்?

தனக்கோடியின் முகம்! கெளுத்தி மீன் முள் கிழித்த கன்னத் தழும்பு உட்பட!

அம்மணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“குப்பம்மாளுக்கும் இப்டித்தானடி வந்துச்சு...”

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரின் டச்சுக் கொடி பறந்த காலம் அது. கப்பல் சரக்கோடு இந்தக் கண்றாவிப் படங்களும் வந்து இறங்கின. முதலில் சிப்பாய்கள் பார்த்தார்கள். அப்புறம் அவர்களுக்கு மீன் விற்கப் போனவர்கள். அப்புறம் இந்தப் பசியாவரம் தீவின் ஆண்கள் பாதிப்பேர் இடுப்பில் ஒரு படத் துண்டை முடிந்துகொண்டு மறைவிடம் தேடினார்கள். படத்தில் இருப்பவள் யாரோ சீமைக்காரி என்ற வரைக்கும் ஒரே இளிப்பு.

பிறகு குப்பம்மாள் முகத்தோடு ஒரு துணி வந்தது.

புருஷன் ரங்கன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏரியில் தலையை அமுக்கினான்... மூச்சு நிற்கும்வரை. ‘மானம் போனவன் வேறென்ன செய்வான்’ என்று பஞ்சாயத்து அவனை விட்டுவிட்டது.

வெட்கங்கெட்ட பஞ்சாயத்து!

எவன் கண் பார்க்கிறதோ என்ற பயத்தில் அன்றிலிருந்து பெண்கள் இறால் தடவத் தண்ணீரில் இறங்குவதில்லை. தனக்கோடி மட்டும் இறங்கினாள். அவள் புருஷன் பச்சைமுத்துவுக்குக் கொஞ்ச காலமாக வலை போடுவதில் மனசே இல்லை. அடுப்பு எரிய வேண்டுமே!

“எரிச்சிடுடி... உன் ஆளு பாக்கறதுக்குள்ள...”

“எத எரிக்கணும்?”

பின்னால் பச்சைமுத்து!

தனக்கோடி துணியைக் கசக்கி முஷ்டிக்குள் மறைத்தாள். கண் தானாக ஏரிப் பக்கம் போயிற்று. ‘இடுப்பளவுத் தண்ணீர் போதும், என்னை முடித்துவிட...’

“கையில இன்னா? குடு.”

கொடுத்தாள். காலில் விழுந்தாள்.

“எங்க நைனா மேல சத்தியம்யா! அது நான் இல்ல! என்ன கொன்னுடாதய்யா!”

பச்சைமுத்து கசங்கிய உருண்டையை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டான்.

“எழுந்திரு. நான் உன்ன நம்பறேன்.”

அவளால் நம்ப முடியவில்லை.

“மெய்யாவா?”

“மெய்யாத்தான். இது தேசப்பன் வேல. அச்சுக்கட்டை செதுக்கறவன் அவந்தானே? இன்னிக்கி அவன் கைய ஒடிக்கறோம்!”

தனக்கோடி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?

* * *

உச்சி வெயில். பழவேற்காட்டில் துணிகளுக்கு அச்சுக்கட்டை செய்யும் தேசப்பன், தன் பட்டறை வாசல் புங்கமரத்தில் கட்டப்பட்டிருந்தான். சுற்றிலும் பசியாவரமே திரண்டிருந்தது. ரங்கன் துடுப்பை ஓங்கினான்.

“உன்னாலதாண்டா என் பொண்டாட்டிய...”

“இருடா!” நாட்டாண்மை சுப்பன் அதட்டினான். “தேசப்பா, சாவறதுக்கு முன்னாடி எதுனா சொல்றியா?”

“சொல்லல. காட்டறேன். ஒரு கைய மட்டும் அவுத்து வுடுங்க!”

அவிழ்த்தார்கள். தேசப்பன் பக்கத்தில் கிடந்த ஒரு கட்டையை எடுத்துக் காட்டினான். இடது பக்கம் பார்க்கும் கிளி. மசியில் தொட்டான். துணியில் குத்தினான்.

துணியில் கிளி வலது பக்கம் பார்த்தது!

“கட்டையில எடம்னா துணியில வலம். அதனால நாங்க எதையும் திருப்பித்தான் செதுக்குவோம். தனக்கோடி... உன் தழும்பு எந்தப் பக்கம்மா?”

“வலது கன்னம்ணா.”

“படத்துல?”

சுப்பன் கை நீட்டினான். பச்சைமுத்து தயங்கித் தயங்கித் துணியை எடுத்துக் கொடுத்தான். சுப்பன் விரித்தான்.

“இடது கன்னத்துல கீது!”

“ரங்கா... குப்பம்மா மூக்குத்தி?”

“வலது மூக்கு...”

ரங்கன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். பெண்டாட்டியைக் கொன்ற பிறகும் அந்தப் படத்தை அவன் வைத்துக்கொண்டுதான் இருந்தான்.

பார்த்தான். முகம் வெளுத்தது.

“இடதுல கீதே... நான் பாக்கவே இல்லியே!”

“மொகத்த எவன்டா பாத்தீங்க!” அம்மணி காறித் துப்பினாள்.

சுப்பன் இரண்டு துணிகளையும் சேர்த்துப் பிடித்தான்.

“டேய்... ரெண்டும் ஒரே உடம்புடா! கை மடிப்பு... கால் விரலு... எல்லாம் ஒண்ணு!”

“சீமைப் படத்து உடம்பு,” என்றான் தேசப்பன். “மொகம் மட்டும் வேற. குப்பம்மா ஒரு பாவமும் அறியாதவ ரங்கா!”

துடுப்பு விழுந்தது. ரங்கன் மண்ணில் உருண்டு ஊளையிட்டான். யாரும் தூக்கவில்லை.

“அப்ப எவன் செஞ்சான்?”

“மரம் செதுக்கத் தெரிஞ்சவன். அச்சுக்குத் திருப்பிச் செதுக்கத் தெரியாதவன்.”

தனக்கோடி தன் படத்தை வாங்கினாள். இப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள்.

கன்னம் இறுகி... பல் எதையோ கவ்வியபடி...

‘இது இறால் பிடிக்கும்போது என் முகம் ஆயிற்றே!’

இரண்டு கையும் சேற்றில் இறாலைத் தடவும். பனையோலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்வியிருப்பாள். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் வந்த படகு ஒன்றே ஒன்றுதான்.

வலை மிதப்புக் கட்டையில் எல்லாம் அழகழகாய் மீன் செதுக்கத் தெரிந்த ஒருவனின் படகு!

அவள் பச்சைமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

“யோவ்... காலையில துணிய உருண்டையா கசக்கித்தான குடுத்தேன்?”

“இன்னாடி இப்ப?”

“நீ விரிச்சே பாக்கல. உள்ள அச்சுப் படம்னு உனக்கு எப்டிய்யா தெரியும்?”



பச்சைமுத்து கூட்டத்தை விலக்கினான். ஓடப் பார்த்தான். சுப்பன் கழுத்தைப் பிடித்து முழங்கால் போட வைத்தான்.

“மொதல்ல... நான் பாக்கத்தான் செதுக்கினேன்... அப்பால வுட முடியல. கண்ண மூடினா அதான்! சிப்பாயிங்க சாராயம் குடுத்து புதுசு புதுசா மொகம் கேட்டானுங்க... அவனுங்களுக்குத்தான் வலையில ஒளிச்சி வெச்சிருந்தேன்... குப்பம்மா சாவானு நான் நெனைக்கலியே!”

“என் மொகத்த ஏன்யா போட்ட?”

“வேற எவளும் தண்ணியில எறங்கல தனக்கோடி... பாக்கறதுக்கு உன் மொகம்தான் இருந்துச்சு...”

அவள் பின்வாங்கினாள். காலையில் அந்தக் காலைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் எவனோடு ஒரே பாயில் படுத்தாள்?

ரங்கன் எழுந்து துடுப்பைப் பாய்ந்து எடுத்தான்.

“இவன நான் கொல்றேன்!”

“நில்லு ரங்கா!” தனக்கோடி கத்தினாள். “அவன் மரத்ததான் செதுக்கினான். குப்பம்மா தலைய அமுக்கினது உன் கை. நாட்டாம... இவனையும் கட்டு!”

சுப்பன் இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டே கட்டினான். தேசப்பனை அவிழ்த்த ஒரே கயிறு. இரண்டு பேர்.

“ஊர வுட்டே தொரத்தறோம்மா. ஆனா வேற ஊருல போயி இதையே செஞ்சா?”

தனக்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேசப்பனிடம் திரும்பினாள்.

“ண்ணா, இதுங்க மூஞ்சிய அச்சடிச்சிக் குடு. எளாவூர்லேந்து பொன்னேரி வரைக்கும் தொங்க வுடணும். திருப்பிச் செதுக்கு, அடையாளம் தப்பக் கூடாது!”

“ரெண்டு கட்டை ஆவுமே தாயி?”

“எதுக்குண்ணா மரத்த வீணடிக்கற? ஒரே உடம்பு போதும்... மொகத்த மட்டும் மாத்து!”