வெட்டாமல் விட்ட தாழை

“அந்தக் கத்திய கீழ போடுங்க!”

கடற்கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றுவிட்டான். சத்தம் போட்டது ஒரு சின்ன உருவம்... கறுப்பு அபாயா, சந்தன நிறப் பர்தா, கையில் நாலு மூலையும் ஆணி அடித்த ஒரு மரச்சட்டம். பின்னால் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் ஒரு கூட்டம்.

நஸீறா ரீச்சர் அப்படித்தான். கூட்டங்களில் வாய் திறக்கவே யோசிப்பாள். ஆனால் ஒரு செடியில் யாராவது கை வைக்கட்டும், அந்தச் சின்ன உடம்புக்குள் எங்கிருந்துதான் அந்தக் குரல் வருமோ!

பாடம் உயிர்ப் பல்வகைமை. நாட்டுச் சண்டை முடிந்து, கல்முனைக்குடிக் கடற்கரையில் இராணுவக் காவலரண்களை எடுத்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது இதுதான் முதல் தடவை. சட்டத்தை மணலில் போட்டு, அதற்குள் எத்தனை வகைச் செடி, எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணச் சொல்லலாம் என்று ஆசை ஆசையாக வந்திருந்தாள். வந்து பார்த்தால் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? அடம்பன் கொடி முழுவதும் பிடுங்கிக் குவிந்து கிடந்தது. தாழம்புதர்களை வெட்டிச் சரித்திருந்தார்கள். வெறும் மணலில் வரிசை வரிசையாகச் சவுக்குக் கன்றுகள்.

“யாரு இதுக்குப் பொறுப்பு?”

“நான்தான் ரீச்சர்.” கன்று நட்டுக்கொண்டிருந்த ஒருவன் கைமண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். நெடிய உருவம். தொப்பிக்குக் கீழே சிரிக்கிற கண்கள்... அந்தக் கண்கள்தான் அவளுடைய கோபத்தை இன்னும் கிளப்பின. “ஜௌபர். நிந்தவூர். சுனாமிக்குப் பொறகு கரையோரம் மரம் நடுற வேல எங்கட நிறுவனத்துக்குத் தந்திரிக்கி.”

“மரம் நடுறதெண்டா இரிக்கிறத வெட்டணுமா? இந்த அடம்பன் கொடிதான் மணலப் புடிச்சி வெச்சிரிக்கி. தாழ வேரப் பாத்தீங்களா, நாலு பக்கமும் முண்டு குடுத்து நிக்கிது. இதெல்லாத்தயும் அழிச்சிட்டு ஒரே சவுக்க நட்டா, ஒரு நோய் வந்தாக் காணும், அத்தனையும் ஒண்டாப் போயிரும்!”

“சவுக்கு கெதியா வளரும் ரீச்சர்...”

“கெதியா விழவும் செய்யும்.”

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

“ரீச்சர் பாடம் எடுக்க வந்தீங்களா, சண்ட புடிக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான்.”

“அப்ப நானும் வகுப்பில பின் வாங்கில இரிக்கவா? பாடத்துக்கு மட்டும்...”

வந்த சிரிப்பை நஸீறா பல்லைக் கடித்து அடக்கினாள். சிரித்தால் தோற்றுப்போவாளே! பேச்சை மாற்றுவதற்காக, சற்றுத் தள்ளித் தனியே நின்ற ஒரு தாழையைக் காட்டினாள். சுற்றிலும் எல்லாவற்றையும் வெட்டியிருக்க, அது ஒன்று மட்டும் முழுசாக நின்றது.

“அத மட்டும் என்னத்துக்கு விட்டீங்க?”

அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் போனது. பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

“அது... கடல் வந்த நாள் அந்தத் தாழைல ஒரு பொம்புளப் புள்ள சிக்கிக் கிடந்தா. நான் இஞ்ச பந்தடிக்க வந்த நான். அந்தப் புள்ளட உடுப்பெல்லாம் கடல் கொண்டு போயிட்டு. கால்சட்டைக்கு மேல கட்டியிரிந்த சாரனக் கழட்டி எடுத்துக்கிட்டுக் கண்ண மூடிட்டுத்தான் கிட்டப் போனன். ‘பயப்படாதீங்க, நான் கண்ண மூடித்தான் இரிக்கன்’ எண்டு சொல்லிச் சொல்லியே...”

நஸீறாவின் கையிலிருந்த சட்டம் மணலில் விழுந்தது.

அந்த வசனம்! முகம் தெரியாது, பெயர் தெரியாது... அந்த வசனத்தை மட்டும் அவள் எத்தனை தடவை கனவில் கேட்டு விழித்திருக்கிறாள்! அப்போதுதான் அவனுடைய கைகளைப் பார்த்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மெல்லிய வெள்ளைக் கோடுகள். கண்ணை மூடிக்கொண்டு தாழைக்குள் தடவித் தடவி வந்தவனின் கையை முள் கிழித்த தழும்புகள் அவை. அதே தழும்புகள் அவளுடைய தோளிலும் முதுகிலும் இருக்கின்றன.

போன கிழமைதான் வகுப்பில் படிப்பித்தாள். வெட்கப்படும்போது முகத்தோலின் கீழுள்ள குருதிக் கலன்கள் விரியும், குருதி கூடுதலாகப் பாயும், முகம் சிவக்கும். எல்லாம் மனப்பாடம். தெரிந்து என்ன பிரயோசனம்? காது மடல் வரை எரிந்தது.

“ரீச்சர்... என்ன, தல சுத்துதா?”

“வெயில்...” என்றாள்.

வானம் முழுக்க மாரி முகில். ஒரு பொட்டு வெயில் இல்லை. அவன் பாவம், அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் நின்றான். நஸீறா பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வாப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கடல் கொண்டுபோனதை அவள் கண்ணால் கண்டாள். பிறகு தண்ணீர், இருட்டு, முள்... கண் திறந்தபோது தாழைக்குள் கிடந்தாள், உடம்பில் ஒரு நூல் இல்லாமல். யாரோ வந்தான். சாரனைத் தந்தான். கையைப் பிடித்துப் பள்ளிவாசல் படி வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, மற்றவர்களைத் தூக்க ஓடிப்போனான். அவள் தலை நிமிரவில்லை. ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை.

உம்மா வாப்பாவுக்காக அழுதாள். நஸீறாவும் அழுதாள். ஆனால் அந்த அழுகைக்குள்ளே, ‘யாரெல்லாம் என்னைப் பார்த்தார்களோ’ என்ற நினைப்பும் இருந்தது. வாப்பா மௌத்தான நாளில் உடுப்பைப் பற்றியா நினைத்தாய் என்று தன்னைத்தானே கேட்டுக் கேட்டு, அந்த வெட்கத்துக்கு மேலே இன்னொரு வெட்கம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஒரு கலியாணப் பேச்சு வந்து முறிந்தது. கதவுக்குப் பின்னால் நின்றவளின் காதில் விழுந்தது இதுதான்: “உடுப்பில்லாம வந்த புள்ளயாமே...” அன்றிலிருந்து உம்மா யாருடைய பேச்சை எடுத்தாலும் அவள் எழுந்து போய்விடுவாள். மனித உடம்பைப் பற்றி நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கூச்சமில்லாமல் படிப்பிக்கிறவளுக்குத் தன்னுடைய உடம்பை நினைத்தால் தலை குனிந்துவிடும்.

ஜௌபர் சும்மா இருந்தானா? அடுத்த கிழமையே அதிபரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பாடசாலைக்கு வந்து நின்றான்.

“ரீச்சர் சொன்னத மேலிடத்துல சொன்னன். சவுக்கு மட்டும் வேணாமாம். வேற என்னென்ன நடலாம் எண்டு கேட்டு வரச் சொன்னாங்க.”

“உங்கட மேலிடத்துக்குக் காது கேக்குமா?”

“எனக்குத்தான் முதல்ல கேட்டிச்சி.”

அப்படித்தான் தொடங்கியது. பூவரசு, புன்னை, தாழை, ஆற்றுவாய்ப் பக்கம் கண்டல்... பிள்ளைகள் கன்று பிடிக்க, அவன் குழி வெட்ட, அவள் எது எதற்குப் பக்கத்தில் என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். தாழையில் ஆண் வேறு, பெண் வேறு என்று அவள் சொன்ன அன்று, “மணக்கிறது ஆண் பூதானே ரீச்சர்?” என்று கேட்டான்.

“ஓம்... மணம் மட்டும்தான். காய்க்கிறது பெண் மரம்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான். நஸீறாவும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் நெஞ்சு திக்கென்றது... இவனுக்குத் தெரிந்தால்? இந்தச் சிரிக்கிற கண்கள் அதற்குப் பிறகு தன்னை எப்படிப் பார்க்கும்?

ஐயோ, அவன் வராத நாட்களில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அதை யாரிடம் சொல்வாள்?

ஒரு நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தால், முன் அறையில் முன்பின் தெரியாத ஒரு பெண். ஜௌபரின் உம்மா! பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். மகனின் தொல்லை தாங்காமல் வழக்கத்தை மீறி அந்த மனுசி வந்திருந்தாள். அவள் போனதும் நஸீறாவின் உம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

“மாப்புள வீட்டாள் தேடி வந்து கேக்கிறதெண்டா லேசான காரியமா? அல்லாஹ் கண் தொறந்திட்டான்!”

“எனக்கு வேணாம்மா.”

“என்ன புள்ள சொல்றா? அந்தப் பொடியன்ல என்ன குற?”

“அவர்ல ஒரு குறயும் இல்ல... வேணாமெண்டு சொல்லியனுப்புங்க.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சொல்லாமல் கலியாணம் முடித்தால், ஒவ்வொரு நாளும் அந்த மனிதனிடம் ஒன்றை ஒளித்துக்கொண்டு வாழவேண்டும். சொன்னால், தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அந்தக் கோலம்தான் நினைவுக்கு வரும். ஊர் ஆயிரம் பேசியது, எல்லாம் காதால் கேட்ட கதை. இவன் பக்கத்தில் வந்து நின்றவன். இவன் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுமொழி போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை கன்று நடும்போது ஜௌபர் தலை நிமிராமல் குழி மட்டும் வெட்டினான். திடீரென்று மழை கொட்டியது. பிள்ளைகள் கரையிலிருந்த மீன்வாடிக் கொட்டிலுக்குள் ஓடி ஒதுங்கினார்கள். நஸீறா வாடியின் ஓரத்தில் நின்றாள். அவன் உள்ளே வரவில்லை. அவளுக்கு எதிரே, மழைக்குள்ளேயே நின்றான்.

“நனையிறீங்களே... உள்ளுக்கு வாங்க.”

“பரவால்ல. ஒண்டு கேக்கணும். நான் பட்டம் படிக்கல்ல, குழி வெட்டுறவன், அதானே ரீச்சர்? அப்பிடியெண்டா நேராச் சொல்லியிரிக்கலாம். எங்கட உம்மா வெக்கப்பட்டுப் போயிட்டா...”

தன்னுடைய வெட்கம் தன் ஒருத்தியோடு நிற்கும் என்றல்லவா நினைத்திருந்தாள்? அது அந்த மனுசியையும் இவனையும் அல்லவா போய்ப் பிடித்திருக்கிறது!

“அப்பிடி இல்ல! சத்தியமா இல்ல...”

“அப்ப என்ன?”

மழைச் சத்தத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்காது. இப்போது சொல்லாவிட்டால் ஒருக்காலும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“அந்தத் தாழைல கிடந்தது... நான்தான்.”

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள்கள் குலுங்கின. அழுகிறானா?

“உசிரோட இரிக்கீங்களா...” என்றான். “அல்ஹம்துலில்லாஹ்... நீங்க உசிரோடயா இரிக்கீங்க!”

“என்ன சொல்றீங்க?”

“விட்டுட்டுப் போனதுக்குப் பொறகு தேடின நான். முகாம் முகாமாப் போனன். ஆசுபத்திரிக்கும் போனன். வாசல் வரைக்கும் போய் நிண்டிட்டன். யாருக்கிட்ட, என்ன எண்டு கேக்கிற? முகம் தெரியா, பேர் தெரியா. உடுப்பில்லாமக் கிடந்த புள்ளயத் தேடுறன் எண்டு கேட்டா, அந்தப் புள்ளட மானம் என்ன ஆகும்? கேக்காமலே திரும்பி வந்திட்டன். மௌத்தாகிட்டாவோ, இரிக்காவோ எண்டு தெரியாமலே ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேட்டன்...”

இத்தனை வருசமாகத் தன்னை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று அவள் ஒளிந்து ஒளிந்து நடந்த அதே தெருக்களில், அவளுடைய பெயர் கெட்டுவிடக் கூடாதென்று ஒருத்தன் வாயைத் திறக்காமல் தேடி நடந்திருக்கிறான். அந்த நாளை நினைத்தால் அவளுக்கு வந்தது வெட்கம். அவனுக்கு வந்தது பிரார்த்தனை.

அவன் இன்னும் நிமிரவில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“நிமிந்து பாருங்க,” என்றாள் நஸீறா.

“ஏலா ரீச்சர்... என்னெண்டு பாக்கிற...”

“அண்டைக்கு நீங்களாத்தான் கண்ண மூடினீங்க. இண்டைக்கு நான் சொல்றன். பாருங்க.”

அவன் நிமிர்ந்தான். மழைத்தண்ணீரும் கண்ணீரும் கலந்து வழிந்த அந்த முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்தாள். முகம் எரியத்தான் செய்தது... எரியட்டும். கண்ணை அவள் தாழ்த்தவில்லை.

“உங்கட உம்மா எங்கட வீட்டுக்கு வந்தது முற இல்ல,” என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. “தெரியும்... மன்னிச்சிக்கங்க.”

“பொண்ணு வீட்டாள்தானே மாப்புள கேட்டுப் போற? வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி வீட்ட இரிங்க. எங்கட உம்மா வருவா.”

“ரீச்சர்...!”

“கேட்டு வரச் சொல்லி அனுப்பினது நஸீறாதான் எண்டு உங்கட உம்மாக்கிட்ட நீங்களே சொல்லுங்க. ஊர் முழுக்கத் தெரிஞ்சாலும் பரவால்ல. எனக்கு உங்களப் புடிச்சிரிக்கி. அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.”