இரண்டு மணி நேரம் ஓடிய இஞ்சின்

சனிக்கிழமை, காலை 7.05.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் தியோடரின் ஷெட். ஜெயபிரகாஷ் ஷட்டரைத் தூக்கியதும் தேங்கிக் கிடந்த புகை நாற்றம் முகத்தில் அடித்தது. நடுவில் ஒரு சிவப்பு நிறச் சின்னக் கார். டிரைவர் சீட்டில் தியோடர், ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தார். வேலை அசதியில் தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டான். உடம்பு சில்லிட்டிருந்தது.

ஒன்பதரை மணிக்குள் இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா தற்கொலை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். தியோடருக்கு வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. வீடும் தொழிலும் அந்த ஷெட்தான். ஷட்டர் கீழே இறங்கியிருந்தது, சாவி ஆன் நிலையில், டேங்கில் சொட்டு பெட்ரோல் இல்லை, பேட்டரி செத்துக் கிடந்தது. மூடிய இடத்தில் இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு மெக்கானிக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை மாலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். பின்மண்டையில் ஒரு வீக்கம் இருந்தது. சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பியில் இடித்திருக்கலாம்.

காரைப் பற்றி ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்காக மட்டும்தான் இன்சூரன்ஸ் சர்வேயர் முனிகிருஷ்ணனுக்குப் போன் போனது.

அவர் திருப்பதிக்காரர். அந்த ஊரில் தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். அதில் ஒருவரும் முனிகிருஷ்ணனைத் தேடி வந்தவர் இல்லை. மனைவி போய் ஆறு வருஷம். மகள் ஹைதராபாத்தில். மெஸ் சாப்பாடு, பஸ், நொறுங்கிய கார்கள், மறுபடி மெஸ் சாப்பாடு. இடித்த வண்டியைப் பார்த்து எப்படி இடித்தது என்று சொல்வதில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பேச ஆளில்லாதவர் என்பதால் வண்டிகள் சொல்வதையாவது பொறுமையாகக் கேட்பார்.

11.40. முனிகிருஷ்ணன் ஷெட்டுக்குள் நுழைந்தார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண்மணி. தியோடரின் அக்கா கிருபாபாய், பள்ளிக்கூட டீச்சர். அழவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் வண்டி பாக்கறவரா?"

"ஆமாம்மா."

"நேத்து சாயங்காலம் மூணு தபா கூப்ட்டான் சார். ஆறே முக்கால், ஆறு அம்பது, ஏழு. நான் எடுக்கல. கண்ணெதிர்ல போன் அடிச்சிக்கினே இருந்தது, எடுக்கல." குரல் உடையவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "எடுத்திருந்தா சாக வேணாம்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன் இல்ல? நான்தான் அவனைக் கொன்னுட்டேனான்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க."

முனிகிருஷ்ணன் உள்ளே போனார். அவருக்குச் சொல்ல வருவதெல்லாம் இரும்பைப் பற்றித்தான்.

ஷெட் கண்ணாடி மாதிரி சுத்தம். ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. துடைக்கிற துணிகள் ஒரு டப்பாவில். ஒரே ஒரு துணித் துண்டு மட்டும், பச்சையில் மஞ்சள் கரை, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஆணியில் தனியாக மாட்டியிருந்தது. இன்னும் இரண்டு கார்கள் ஓரத்தில் நின்றன; இரண்டிலும் பெட்ரோல் இருந்தது, சாவியும் இருந்தது.

மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம். சிவப்பு காருக்கு ஆறு மாதமாக, நடுநடுவே ஓட்டக் கொடுத்துத் திரும்ப வாங்கிச் செய்த வேலை அத்தனையும் அதில் இருந்தது. எண்ணூறு சி.சி. மூன்று சிலிண்டர். இஞ்சின் ஹெட்டைக் குடைந்து காற்று போகும் வழியைப் பெரிசாக்கியது, பெரிய கார்புரேட்டர், புது எக்ஸாஸ்ட். கடைசியாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை மாற்றியது. நாற்பது குதிரைச் சக்தியை அறுபதாக்க ஒரு மனிதன் பட்ட பாடு. கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை தேதி போட்டு மூன்று வரி:

'இஞ்சின் ஏத்தியாச்சு. முதல் ஸ்டார்ட் சனி காலை 7. நேரா 2000 ஆர்.பி.எம்., இருபது நிமிஷம். ஐடிலில் மெதுவா ஓட விடவே கூடாது.'

முனிகிருஷ்ணன் பானெட்டைத் திறந்தார். எக்ஸாஸ்ட் குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு நட்டு கை இறுக்கத்தில் மட்டும் இருந்தது. அதைச் சுற்றிப் புதுக் கரி படிந்திருந்தது. மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி டார்ச் அடித்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏமண்டி, இஞ்சினுக்கு போஸ்ட்மார்ட்டமா?" என்றார் ஸ்வர்ணலதா.

"மேடம், இது தற்கொலை இல்ல."

12.50. ஜெயபிரகாஷ். திருப்பதியில் சொந்த ஷெட். முன்பு தியோடரின் கூட்டாளி; இரண்டு வருஷம் முன்னால் சண்டை போட்டுப் பிரிந்தவன். ஸ்வர்ணலதா அவனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து இங்க வந்தியா?"

"வந்தேன் மேடம். ஆறு மணி இருக்கும். அண்ணனே போன் பண்ணி வரச் சொன்னாரு. இன்னாத்துக்குடா நமக்குள்ள சண்டைன்னு கையைப் புடிச்சிக்கினாரு."

"இஞ்சின் அப்ப ஓடிச்சா?" இது முனிகிருஷ்ணன்.

"இல்ல சார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுண்ணான்னு கெஞ்சினேன். நாளைக்கு ஏழு மணிக்கு வாடான்னாரு. ஒருத்தர் நின்னு ஜெபம் பண்ணாம முதல் ஸ்டார்ட் போடமாட்டாரு. நாங்க எலுமிச்சம்பழம் வைப்போம், அவருக்கு ஜெபம். ஆறரைக்குக் கிளம்பிட்டேன்."

"அந்த நட்டு ஏன் லூசா இருக்கு?"

"முதல் சூட்டுக்கு அப்புறம்தான் அண்ணன் ஃபுல்லா டைட் பண்ணுவாரு. அவர் வழக்கம் அது."

4.15. யஸ்வந்த். சிவப்பு காரின் சொந்தக்காரன். வயது இருபத்தாறு, திருப்பதி, அப்பாவுக்கு டாக்சித் தொழில். கண்கள் சிவந்திருந்தன.

"கடைசியா எப்ப இங்க வந்தீங்க?" என்றார் ஸ்வர்ணலதா.

"புதன்கிழமை மேடம். அப்ப இஞ்சின் டேபிள் மேல இருந்துச்சி. அப்புறம் இன்னிக்குத்தான்."

"நேத்து சாயங்காலம்?"

"வீட்ல. காய்ச்சல்."

முனிகிருஷ்ணன் ஒரு ஃபாரத்தை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "தம்பி, வண்டி மதிப்பு நான் எழுதணும். பழைய காருன்னு கம்மியா போட்டுடவா?"

"இன்னா சார் இப்படிச் சொல்றீங்க!" பையனுக்குச் சுருக்கென்றது. "சித்தூர் ஜில்லாவுல இந்த மாதிரி எண்ணூறு கிடையாது. கேம் இருக்கு பாருங்க, ஐடில்லயே தெரியும். ரெண்டு அடி அடிச்சி ஒரு அடி விட்டு நொண்டி நொண்டி அடிக்கும், வண்டியே குலுங்கும். எக்ஸாஸ்ட் கிட்ட டிக் டிக்னு ஒரு சத்தம் இருக்கு, அது ஒண்ணுதான் குறை. அதை டைட் பண்ணா போதும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். முனிகிருஷ்ணன் பேனாவை மூடினார்.

"எப்பத் தம்பி கேட்டீங்க?"

"என்னாது?"

"அந்த டிக் டிக் சத்தம்."

யஸ்வந்தின் பார்வை ஷட்டர் பக்கம் போனது.

"புதன்கிழமை இஞ்சின் டேபிள் மேல இருந்ததுன்னு நீங்களே சொன்னீங்க. வெள்ளிக்கிழமைதான் காருல ஏறினது. ஆறரை வரைக்கும் ஸ்டார்ட் ஆகல. அதுக்கப்புறம் அது ஓடினது ஒரே ஒரு தபா, பெட்ரோல் தீர்ற வரைக்கும், சுமார் ரெண்டு மணி நேரம், ஐடில்ல. அந்தச் சத்தத்தைக் கேட்டவங்க உலகத்துல ரெண்டே பேரு. ஒருத்தர் கேட்டிருக்கவும் மாட்டாரு, நினைவு தப்பிக் கிடந்தாரு."

ஸ்வர்ணலதா குறுக்கிட்டார். "ஆகண்டி, கொஞ்சம் இருங்க. தியோடரே ஸ்டார்ட் பண்ணலைன்னு எப்படிச் சொல்றீங்க? சாகப்போறவனுக்குக் கேம் கவலை எதுக்கு?"

"புதுக் கேமை முதல் இருபது நிமிஷம் வேகமா ஓட்டணும் மேடம், அப்பதான் எண்ணெய் தெறிச்சி அதும்மேல விழும். ஐடில்ல விட்டா இரும்பு இரும்பைத் தின்னுடும். மூடியைத் திறந்து பாத்தேன், முனையெல்லாம் கீறிப் போயிருக்கு. சாகணும்னா பக்கத்துல ரெண்டு வண்டி பெட்ரோலோட நிக்குது. ஆறு மாசம் தன் கையால செஞ்சதை எதுக்கு நாசம் பண்ணணும்? அதுவும் காலைல ஏழு மணின்னு ஆளையும் வரச்சொல்லிட்டு? இதே காரணத்தாலதான் ஜெயபிரகாஷும் இல்லைன்னு நினைச்சேன். தொழில் தெரிஞ்ச கை, ஆக்சிலேட்டருக்கு ஒரு கட்டையாவது முட்டுக் கொடுத்திருக்கும். தலையும் முன்பக்கம் சாஞ்சிருக்கு, வீக்கம் பின்பக்கம். காரைப் பத்திப் பெருமை பேசத் தெரிஞ்ச, வேலை தெரியாத ஒருத்தர்தான் சாவியைத் திருப்பிட்டு ஷட்டரை இழுத்து விட்டிருக்கணும். ஏன்னு மட்டும் எனக்குத் தெரியல. அந்தக் கவர்ல இருக்கற துணிக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

ஸ்வர்ணலதா ஆணியிலிருந்து கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பச்சையில் மஞ்சள் கரை. மூன்று வாரம் முன்னால் நாகலாபுரம் ரோட்டில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போன பொன்னியம்மா என்ற கூலிக்காரப் பெண்ணின் கிழிந்திருந்த, இதே நிறப் புடவையைப் பற்றி எல்லா ஸ்டேஷனுக்கும் தகவல் வந்திருந்தது.

"இஞ்சினை இறக்கறப்ப அடியில மாட்டிக்கினு இருந்ததைப் பாத்துட்டாரு," என்றான் யஸ்வந்த். அவன் யாரையும் பார்க்கவில்லை. "வேலையை முடிச்சித் தரேன், நீயே போய் ஸ்டேஷன்ல சொல்லு, இல்லைன்னா திங்கக்கிழமை நான் சொல்வேன்னாரு. நேத்து ஏழே காலுக்கு வந்து காலைப் புடிச்சேன் மேடம். கேக்கல. தள்ளினேன். ஜாக்கில அடிபட்டு வுழுந்துட்டாரு..."

மீதியைக் கேட்க முனிகிருஷ்ணன் நிற்கவில்லை. வெளியே வந்து ஜெயபிரகாஷைத் தேடிப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"டீச்சரம்மா, உங்க தம்பி தற்கொலை பண்ணிக்கல. யஸ்வந்த் கொன்னுட்டான். ஒப்புக்கினான்."

கிருபாபாய் கண்களை மூடினார். "கர்த்தாவே," என்றார். "அப்ப அந்த மூணு போனு? பயந்துக்கினு கூப்ட்டானா? காப்பாத்துக்கான்னு கூப்ட்டானா?"

"இல்லம்மா. நீங்க சொன்ன மூணு நேரமும் ஏழு மணிக்குள்ள. அவன் வந்தது ஏழே காலுக்கு. அப்ப உங்க தம்பி சந்தோஷமா இருந்தாரு. ஜெயபிரகாஷ் சொல்றான், இந்த இஞ்சினுக்கு அக்காதான் ஜெபம் பண்ணணும்னு சொல்லிக்கினு இருந்தாராம். காலைல ஏழு மணிக்கு வாங்கன்னு கூப்பிடத்தான் போன் பண்ணியிருக்காரு. நீங்க எடுத்திருந்தாலும் சாயங்காலம் இங்க இருந்திருக்க மாட்டீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல."

வேலை முடிந்தது என்று எழுந்தார். ஆனால் கிருபாபாயின் முகம் தெளியவில்லை.

"ஏன் எடுக்கலைன்னு தெரியுமா சார்?" என்றார் அவர். "எப்பக் கூப்ட்டாலும் இஞ்சின் கதைதான். கேம்னுவான், கார்புரேட்டர்னுவான், அரை மணி நேரம் விடமாட்டான். நேத்தும் அதையே ஆரம்பிப்பான்னுதான் எடுக்கல."

முனிகிருஷ்ணன் மறுபடி குந்தினார்.

"அந்தக் கதையைத்தான் சொல்லக் கூப்ட்டிருக்கான்," என்றார் கிருபாபாய். "அவனுக்கு அதைச் சொல்ல வேற யாரு இருந்தாங்க?"

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. முனிகிருஷ்ணன் ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.